குறிகட்டுவானுக்கு அப்பால் வெளிச்சம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது வேலணை, புங்குடுதீவு வரைக்கும் மின்கம்பங்களும் வீதியோரமாகக் கூடவே வரும். குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிந்துவிடும். அதற்கு அப்பால் நயினாதீவுக்குக் கால்மணி நேரமும் நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமும் கடற்பயணம். மின்கம்பி கடலைத் தாண்டவில்லை. தீவுகளில் இருந்த மின்பிறப்பாக்கிகளுக்கு வேண்டிய டீசல்தான் பல வருடங்களாகக் கடலால் போனது.

இலங்கையில் முதன்முதலாக மின்சாரம் வழங்கியது ஒரு தனியார் கம்பனி. 1895இல் பூஸ்டெட் சகோதரர் கம்பனி கொழும்புக் கோட்டையிலிருந்த பிரிஸ்டல் ஹோட்டலின் பில்லியட் விளையாட்டு அறைக்கு வெளிச்சம் கொடுத்தது. 1902இல் கொழும்பில் ட்ராம் வண்டிக்கும் விளக்குக்குமாக ஒரு மின்சாரக் கம்பனி அமைந்தது. காசு கொடுக்கக்கூடியவர்கள் இருந்த இடத்துக்கே கம்பனிகள் கம்பி இழுத்தன. 1928இல் அரசாங்கம் மின்சாரத்தைப் பொறுப்பேற்றது. 1969இல் இலங்கை மின்சாரசபை உருவானது. மின்சாரம் வியாபாரப் பொருளாக மட்டும் இல்லாமல் பொதுச்சேவையானது அப்படித்தான்.

போர்க்காலத்தில், 1990இல், லக்சபான மின்சாரம் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெய் ஊற்றி, அந்தச் சிறு சுடரில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் எங்களில் எத்தனை பேர்! சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதையும் மறக்கமுடியாது.

எழுவைதீவில் காற்று, சூரியன், டீசல் மூன்றையும் மின்கலத்தோடு இணைத்த சிறிய மின்நிலையம் முன்னரே அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இவ்வாறான திட்டத்துக்கு 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இதற்கு இந்தியா 110 இலட்சம் டொலர் நன்கொடை அறிவித்தது. பகலில் வெயிலும், சோளகக் காலத்தில் காற்றும் மின்சாரம் தரும். மிஞ்சுவதை மின்கலம் சேமிக்கும். இரண்டும் குறையும்போதே டீசல் இயந்திரம் ஓடவேண்டும்.

ஆனால் மின்நிலையம் வந்துவிட்டால் மட்டும் போதுமா? நெடுந்தீவில் தனியே குடும்பம் நடத்தும் ஓர் அக்காவோடு பேசியபோது, வீட்டுக்குள் வெளிச்சம் இருக்கிறது, ஒழுங்கையில்தான் இருட்டு என்றார். பின்னேர வகுப்பு முடிந்து மகள் வரும்வரை கல்மதிலடியில் ரோச்சோடு நிற்பாராம். ஆண்துணை இல்லாத வீடுகளில் இந்தப் பயம் பெரிது.

சகோதரிகளே, வீதி விளக்கு பிரதேச சபையின் பொறுப்பு. இருட்டான ஒழுங்கைகளையும், பெண்களும் பிள்ளைகளும் அங்கே நடமாடும் நேரங்களையும் மாதர் சங்கக் கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் கையெழுத்திட்டுச் சபையில் நேரில் கொடுங்கள். திகதியிட்ட பிரதி ஒன்றைச் சங்கக் கோவையில் வைத்திருங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு திரும்பவும் போய்க் கேளுங்கள்.