வருவார் என்கிறார்கள்

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ. டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடை. சன்னலோர மேசையில் நான்கு காகிதக் கோப்பைகள். பாதி காலியான டிம்பிட்ஸ் பெட்டி. அதன் மேல் சாய்த்து நிறுத்திய ஒரு கைப்பேசி.

கைப்பேசியில் வட அமெரிக்காவின் வரைபடம். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். கலிஃபோர்னியாவில் சாண்டா ஆனாவிலிருந்து கிளம்பியிருக்கிறது. டொராண்டோவுக்கு வருகிறது. தனியார் ஜெட்.

உள்ளே யார் என்று வரைபடத்தில் இல்லை.

ஷோஹெய் ஓத்தானி என்கிறார்கள். பேர்பெற்ற பேஸ்பால் செய்தியாளர் ஒருவர், ஓத்தானி டொராண்டோவுக்குப் புறப்பட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறார். இன்னொரு செய்தி, டொராண்டோவின் புளூ ஜேஸ் அணியில் சேர அவர் முடிவெடுத்துவிட்டதாகவே சொல்கிறது. மேசையில் இரண்டையும் ஒரு முறை சத்தமாகப் படிக்கிறார்கள். அப்புறம் அவரவர் கைப்பேசியில் தனித்தனியாகப் படிக்கிறார்கள்.

விமானம் கொஞ்சம் நகர்கிறது. நான்கு தலைகள் குனிகின்றன. நான்கும் நிமிர்கின்றன.

மேசையின் தலைமாட்டில் ஒரு பெரியவர். வயது எழுபத்தொன்று. நீல ஜாக்கெட்டில் எழுத்துகள் உதிர்ந்து பாதிப் பறவை மட்டும் மிச்சம். பக்கத்தில் நகரப் பேருந்து ஓட்டுநர், சீருடையில். சாயங்காலம்தான் அவருக்கு வேலை. எதிரே கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை தொங்கும் இளைஞன். அவனருகில் ஒரு தமிழ்ப் பெண், கல்லூரி மாணவி. அவள் சட்டையின் முதுகில் 11, அதற்கு மேலே பிஷெட் என்ற பெயர்.

பேஸ்பால் நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. மைதானத்தின் கூரை மூடியிருக்கிறது. பந்து இல்லை, மட்டை இல்லை. பேச்சு இருக்கிறது.

ஓத்தானிக்கு இருபத்தொன்பது வயது. பந்தும் எறிவார், மட்டையும் பிடிப்பார். இந்த ஆண்டு 44 ஹோம் ரன். பிட்சராக 10 வெற்றி. அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஒரு வாக்குகூட மாறாமல். செப்டம்பரில் முழங்கையில் அறுவை சிகிச்சை. 2024 முழுக்கப் பந்து எறிய முடியாது. ஏஞ்சல்ஸ் அணியில் ஆறு ஆண்டு முடித்துவிட்டார். ஆறு முடித்தவர் ஃப்ரீ ஏஜென்ட். அவர் எந்த அணிக்கும் போகலாம்.

மருத்துவமனை இளைஞன் முழங்கையைப் பற்றியே பேசுகிறான். தன் சட்டைக் கையை மடித்து, உள்பக்கம் எந்த இடம் என்று விரலால் அழுத்திக் காட்டுகிறான். ஏற்கெனவே 2018-லும் கத்தி வைத்த கை அது. பாதி ஆட்டக்காரனுக்கு முழு விலையா என்று கேட்கிறான். ஓட்டுநர் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

பெரியவர் காகிதக் கைத்துண்டை விரிக்கிறார். சட்டைப் பையிலிருந்து பேனா. 600 என்று எழுதுகிறார். மில்லியன். கீழே 10, ஆண்டுகள். கோடு. 60. அதைக் கனடிய டாலராக மாற்ற 1.36-ஆல் பெருக்குகிறார். பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. இன்னொரு கைத்துண்டு.

வரி வருகிறது. ஒன்டாரியோவில் உச்ச விகிதம் 53.53 சதவீதம். கலிஃபோர்னியாவில் மத்திய வரியும் மாநில வரியும் சேர்ந்தால் அங்கேயும் பாதி போய்விடும். அப்படியானால் வரி ஒரு காரணமில்லை என்று முடிவாகிறது. முடிவானதில் எல்லோருக்கும் நிம்மதி.

அணியின் உரிமையாளர் ராஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம். அடுத்த மாதம் போன் பில் ஏறும் என்கிறார் ஓட்டுநர். ஏறட்டும் என்கிறாள் மாணவி. அவள் கைப்பேசித் திரையில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு விரிசல்.

விமானம் நகர்கிறது.

திங்கட்கிழமை நடந்ததை இளைஞன் மறுபடி சொல்கிறான். எல்லா அணிகளும் நாஷ்வில்லில் கூடியிருந்தன, வருடாந்தரக் குளிர்காலக் கூட்டம். புளூ ஜேஸின் பொது மேலாளர் ராஸ் அட்கின்ஸ் அங்கே இல்லை. ஜூம் திரையில் வந்தார். பின்னால் வெறும் சுவர். எங்கே இருக்கிறீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. அன்றைக்கு ஓத்தானி ஃபுளோரிடாவில் புளூ ஜேஸின் பயிற்சித் திடலைச் சுற்றிப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சுவரின் படத்தை இளைஞன் பத்திரமாக வைத்திருக்கிறான். பெரிதாக்கிக் காட்டுகிறான். நால்வரும் சுவரைப் பார்க்கிறார்கள்.

யூசெய் கிகுச்சி, அணியின் ஜப்பானியப் பிட்சர், மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சூஷி உணவகத்தை ஐம்பது பேருக்கு முன்பதிவு செய்துவிட்டார் என்று ஒரு பேச்சு வருகிறது. யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. ஐம்பது பேரில் யார் யார் என்று எண்ணத் தொடங்குகிறார்கள்.

பேச்சு பழைய கணக்குகளுக்குத் திரும்புகிறது. போன டிசம்பர் 23. கேப்ரியேல் மொரெனோ என்ற இளம் கேட்சரையும் லூர்டெஸ் குரியெலையும் அரிசோனாவுக்குக் கொடுத்து டால்டன் வார்ஷோவை வாங்கினார்கள். பத்து மாதத்தில் அரிசோனா உலகத் தொடரில் ஆடியது. மொரெனோவுக்குத் தங்கக் கையுறை விருது. இளைஞன் பெயர்களைச் சொல்லும்போது குரல் தணிகிறது. இந்த அக்டோபரில், மின்னசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில், நன்றாக எறிந்துகொண்டிருந்த பிட்சர் பெரியோஸை நான்காவது இன்னிங்ஸில் வெளியே எடுத்ததை ஓட்டுநர் எடுக்கிறார். மாணவி கையை உயர்த்துகிறாள். அது வேண்டாம். அது நிற்கிறது.

பெரியவர் 1990-க்குப் போகிறார். அந்த ஆண்டு என்றதும் மற்ற மூவரும் கோப்பையை எடுத்துக்கொள்கிறார்கள். கேட்ட கதை. மறுபடி கேட்கிறார்கள்.

1990 டிசம்பர் 5. பேட் கில்லிக் பொது மேலாளர். ஃபிரெட் மெக்ரிஃப், அந்த ஆண்டு 35 ஹோம் ரன் அடித்தவர். டோனி ஃபெர்னாண்டஸ், நான்கு தங்கக் கையுறைக்காரர், ஊரின் செல்லம். இருவரையும் சான் டியேகோவுக்குக் கொடுத்தார் கில்லிக். பதிலுக்கு ராபர்ட்டோ அலோமர், ஜோ கார்ட்டர். பெரியவர் நான்கு டிம்பிட்ஸ் உருண்டைகளை எடுக்கிறார். இரண்டை அந்தப் பக்கம் தள்ளுகிறார். இரண்டை இந்தப் பக்கம் இழுக்கிறார். அன்றைக்கு ரேடியோவை அணைத்துவிட்டேன் என்கிறார். இரண்டு நாள் போடவில்லை.

1992-இல் உலகத் தொடர் வெற்றி. 1993-இலும். அந்த அக்டோபர் 23 இரவு, ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், கார்ட்டரின் ஹோம் ரன். ஃபிலடெல்ஃபியா தோற்றது. பெரியவர் ஜாக்கெட்டைக் கழற்றுகிறார். உள்ளே சட்டையின் முதுகில் 29. கார்ட்டரின் எண்.

“மெக்ரிஃபிடம் கேட்டார்களா?” என்கிறாள் மாணவி.

பெரியவருக்குப் புரியவில்லை. போக இஷ்டமா என்று மெக்ரிஃபிடம் யாராவது கேட்டார்களா என்கிறாள்.

பதில் ஓட்டுநரிடமிருந்து வருகிறது. டிரேடில் யாரும் கேட்பதில்லை. தொலைபேசி அடிக்கும். பெட்டியைக் கட்ட வேண்டும். அவர் கர்ட் ஃபிளட் பெயரைச் சொல்கிறார். மற்ற மூவருக்கும் அது புதிய கதை. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் அணி ஃபிளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். வாங்கவும் விற்கவும் தான் ஒரு சரக்கு இல்லை என்று லீக் ஆணையருக்கு எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972-இல் ஐந்துக்கு மூன்று என்று தோற்றது. 1975 கடைசியில், வேறு இரண்டு பிட்சர்களின் விவகாரத்தில் வந்த மத்தியஸ்தர் தீர்ப்புதான் கதவைத் திறந்தது. அதற்குள் ஃபிளட் ஆட்டத்தை விட்டுப் போயிருந்தார்.

ஓட்டுநர் கோப்பையின் மூடியைக் கழற்றி மறுபடி அழுத்துகிறார். ஓத்தானி ஊர் ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அந்த மனுஷனால்தான் என்கிறார்.

கடையின் கதவு திறக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர். கறுப்புக் கோட்டு. கையில் கார்ச் சாவி. விமான நிலைய லிமோ ஓட்டுகிறார். மேசைக்கு இரண்டடி தள்ளி நிற்கிறார்.

“எழும்பு பிள்ளை, போவம். அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா.”

“பொறுங்கோ அப்பா. இன்னும் இறங்கேல்லை.”

“ஆர் வாறது?”

“ஓத்தானி. பேஸ்போல் விளையாடுறவர்.”

“எவ்வளவு குடுக்கினம்?”

“அறுநூறு மில்லியன் எண்டு கதைக்கினம்.”

அப்பா வரைபடத்தைப் பார்க்கிறார். சாவியைப் பைக்குள் போடுகிறார்.

“அவருக்கு இஞ்ச வர விருப்பமாமோ?”

மகள் பதில் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். அப்பா உட்காருகிறார். ஓட்டுநர் டிம்பிட்ஸ் பெட்டியை அவர் பக்கம் நகர்த்துகிறார். தனியார் ஜெட் பயணிகள் டெர்மினல் வழியாக வர மாட்டார்கள், அவர்களுக்கு வாசல் வேறு என்று அப்பா ஆங்கிலத்தில் சொல்கிறார். மேசை முழுக்க அவரைப் பார்க்கிறது. இதுவரை வந்த செய்திகளில் நேரில் அறிந்து சொன்னது இது ஒன்றுதான்.

விமானம் ஏரிகளைத் தாண்டுகிறது. பேச்சு குறைகிறது. கல்லாவில் நிற்கும் பெண்ணும் துணியோடு மேசைப் பக்கம் வருகிறாள். துடைத்த மேசையையே துடைக்கிறாள்.

விமானம் இறங்குகிறது. மஞ்சள் சின்னம் ஓடுபாதையில் நிற்கிறது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாக் கட்டைவிரல்களும் திரையைக் கீழே இழுத்து இழுத்துப் புதுப்பிக்கின்றன.

பிறகு படம் வருகிறது. விமானத்திலிருந்து இறங்கியவர் ராபர்ட் ஹெர்ஜாவெக். ‘ஷார்க் டேங்க்’ நிகழ்ச்சியில் வரும் கனடியத் தொழிலதிபர். கூடவே அவருடைய குழந்தைகள். ஓத்தானி கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் இருக்கிறார் என்று அடுத்த செய்தி சொல்கிறது. முதலில் எழுதிய செய்தியாளர் தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார்.

இளைஞன் வரைபடத்தை மூடுகிறான். ஓட்டுநர் மணி பார்க்கிறார், தொப்பியை எடுக்கிறார். பெரியவர் கைத்துண்டுகளை மடித்துப் பைக்குள் வைக்கிறார். குப்பைத் தொட்டி இரண்டடி தூரத்தில்தான் இருக்கிறது.

“விடிஞ்சா வருவார்,” என்கிறாள் மகள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சனிக்கிழமை பிற்பகல். ஓத்தானி இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போடுகிறார். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் சின்னம். பத்து ஆண்டு, 700 மில்லியன் அமெரிக்க டாலர்.

திங்கட்கிழமை மீதிக் கணக்கு வெளியாகிறது. ஆண்டுக்கு 70 மில்லியன், ஆனால் கையில் வாங்குவது 2. மிச்சம் 68 மில்லியன் வட்டியில்லாமல் பின்னால் போகிறது, 2034 முதல் 2043 வரை. மேசையில் அன்றைக்கு இரண்டே பேர். பெரியவர் புதிய கைத்துண்டில் 2043 என்று எழுதுகிறார். 91 என்று பக்கத்தில் எழுதுகிறார். பேனாவை மூடுகிறார். இந்தப் பணம் நம்மால் கொடுக்க முடியாததில்லை என்கிறார் ஓட்டுநர். பெரியவர் தலையசைக்கிறார். பணத்தால் போன ஆள் என்றால் ஆறுதலாக இருந்திருக்கும்.

2024 ஏப்ரல் 26. டாட்ஜர்ஸ் டொராண்டோவுக்கு வருகிறது. மைதானத்தின் மேல் அடுக்கு. மாணவி, பக்கத்தில் அப்பா. ஓத்தானி மட்டையோடு வரும்போது அரங்கம் கூச்சலிடுகிறது. மாணவியும் கூச்சலிடுகிறாள், இரண்டு கையையும் வாயில் குவித்து. அப்பா சும்மா இருக்கிறார். முதல் இன்னிங்ஸிலேயே ஹோம் ரன். பந்து வலப்பக்கம் போய் விழுகிறது. மாணவியின் கைகள் வாயிலேயே நிற்கின்றன. “நல்ல அடி,” என்கிறார் அப்பா.

அடுத்த டிசம்பரில் ஹுவான் சோட்டோ. நியூயார்க் மெட்ஸுக்குப் போகிறார், 15 ஆண்டு, 765 மில்லியன். அதற்கடுத்த ஜனவரியில் ரோக்கி சசாகி. டாட்ஜர்ஸுக்குப் போகிறார். இரண்டு முறையும் கடைசி வரை பட்டியலில் டொராண்டோ இருந்தது என்கிறார்கள். இரண்டு முறையும் கைத்துண்டு விரிந்தது.

2025 ஏப்ரலில் புளூ ஜேஸின் விளாடிமிர் குரெரோ ஜூனியர் கையெழுத்துப் போடுகிறார். 14 ஆண்டு, 500 மில்லியன். இவர் இந்த அணியிலேயே வளர்ந்தவர், இங்கேயே இருக்கிறார். மேசையில் அன்றைக்கு வகுத்தலும் இல்லை, பெருக்கலும் இல்லை. பெரியவர் எல்லோருக்கும் காபி வாங்குகிறார்.

2025 நவம்பர் 1. உலகத் தொடர், ஏழாவது ஆட்டம், டொராண்டோவில். ஒரு பக்கம் புளூ ஜேஸ், இன்னொரு பக்கம் டாட்ஜர்ஸ். டாட்ஜர்ஸுக்காக முதல் பந்தை எறிபவர் ஓத்தானி. மூன்றாவது இன்னிங்ஸில் அவர் பந்தை போ பிஷெட் அடித்து வேலிக்கு வெளியே அனுப்புகிறார். மூன்று ரன். பதினொரு இன்னிங்ஸ் வரை நீள்கிறது. டாட்ஜர்ஸ் 5, புளூ ஜேஸ் 4.

மறுநாள் ஃப்ரீ ஏஜென்ட் பட்டியல் வருகிறது. அதில் பிஷெட்டின் பெயர் இருக்கிறது. அவருக்கும் ஆறு ஆண்டு முடிந்துவிட்டது.