இன்ஸ்டால் முடிந்த பிறகு

லினக்ஸ் ஏற்றுவது இன்று பெரிய வித்தை இல்லை. பென்டிரைவைச் செருகி, மொழியையும் ஊரையும் தேர்ந்தெடுத்து, ஒரு கடவுச்சொல் கொடுத்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மிண்ட்டோ உபுண்டுவோ வந்து உட்கார்ந்துவிடும். போன் அழைப்புகள் அதற்குப் பிறகுதான் வரும். "அண்ணே, வைஃபையே காட்டல." "சார், டைம் தப்பா ஓடுது." "ஸ்க்ரீன் கறுப்பா நிக்குது, திரும்ப ஒருதடவை ஃபார்மட் அடிச்சுடவா?"

வேண்டாம். நம்மூர்க் கணினிக் கடைகளில் ஃபார்மட்தான் சர்வரோக நிவாரணி. ஆனால் லினக்ஸில் அது அநேகமாக எதையும் தீர்க்காது. டிரைவர் இல்லாத வைஃபை சிப்புக்கு, மறுபடி ஏற்றினாலும் டிரைவர் இல்லைதான். எந்தப் பாகம், எதற்காகப் பேச மறுக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை இது. அந்தத் தேடல்தான் எனக்குப் பிடித்த பகுதியும்கூட.

நேரத் தகராறையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில், பிற்பகல் 3:30க்கு லினக்ஸைத் திறந்தால் இரவு 9 மணி என்கிறது. இணையம் கிடைத்ததும் தானே திருத்திக்கொள்கிறது. பிறகு விண்டோஸுக்குப் போனால் அங்கே காலை 10 மணி. வித்தியாசம் இரண்டு பக்கமும் சரியாக ஐந்தரை மணி நேரம். அந்த எண்ணைப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிடும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்புகிறது. லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு, மேலே ஐந்தரை மணி கூட்டிக்கொள்கிறது. கடிகாரம் பழுதாகவில்லை, இரண்டு பேரும் அதை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். வித்தியாசம் ஐந்தரையாக இல்லாமல், கணினி பல வருஷம் பின்னால் போய் நின்றால் அது வேறு கதை: மதர்போர்டில் இருக்கும் சிறிய வட்ட பேட்டரியை மாற்றுங்கள்.

நேரத்துக்குத் தீர்வு இரண்டு. விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதைப் பொது நேரத்துக்குக் கொண்டுவரலாம். அல்லது ஒரே கட்டளையில் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். இரண்டாவதைச் செய்தால் லினக்ஸ் ஓர் எச்சரிக்கை விடும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் அது நியாயமான எச்சரிக்கை. இந்தியாவில் அந்த வழக்கமே இல்லை என்பதால், நான் தயங்காமல் அதையே செய்கிறேன்.

வைஃபைக்கு வருவோம். பழைய மடிக்கணினிகளில் பிராட்காம் சிப் இருந்தால் தொல்லை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை முடுக்கினால் முடிச்சு அவிழும். கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து பரிந்துரைப்பதை நிறுவலாம். டெபியன்காரர்களுக்கு இந்தத் தலைவலி 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. சுதந்திரமற்ற ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டார்கள். கொள்கைப் பிடிப்புள்ள நண்பர்கள் முகம் சுளித்தார்கள். வைஃபை இல்லாமல் தவித்தவர்கள் சுளிக்கவில்லை.

டிரைவரைச் சரியாக நிறுவியும் வேலை செய்யாவிட்டால் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து வினாடி காத்திருக்கும். பலர் வைரஸ் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். சிலர் உள்ளே போய், முதல் வரியில் இருக்கும் 'தொடர்' என்பதையே தட்டிவிடுகிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியது அதற்கு அடுத்த வரி, சாவியைப் பதிவு செய்யும் வரி. அங்கே அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் டிரைவர் உள்ளே நுழைய முடியும்.

என்விடியா கார்டு உள்ள கணினியில் திரை கறுப்பாக நின்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ஆங்கில 'இ' (e) விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் திரை வரும். அதற்குள் டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லையா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அந்த டிரைவை முழுதாக மூடாமல் வைத்திருக்கிறது. விண்டோஸில் அதை அணைத்துவிட்டு ஷட்டவுன் செய்தால் போதும்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவி, தமிழ்99ஐச் சேர்த்துவிட்டு, ஒருமுறை லாக்-அவுட் செய்து வாருங்கள். பழைய வானவில், பாமினி கோப்புகள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் லினக்ஸைத் திட்டாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் அதே கிறுக்கல்தான். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். எங்கோ பார்த்த கட்டளைகளை வரிசையாக டெர்மினலில் ஒட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், செய்ததும் ரீஸ்டார்ட், பலனைப் பார்த்த பிறகே அடுத்தது. பிழைச் செய்தியைச் சுருக்காமல் முழுதாக எழுதி வையுங்கள், பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு யாராலும் உதவ முடியாது. எதில் கைவைக்கும் முன்பும் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அது காப்பாற்றுவது சிஸ்டத்தை. நாமாகச் சொன்னாலொழிய ஹோம் ஃபோல்டரைச் சேர்க்காது. குழந்தையின் படங்களையும் கணக்கு வழக்குகளையும் தனி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து வையுங்கள்.