சிவப்பு எழுத்தைப் படி மச்சி!

டாஸ் போடும்போதே அவுட் ஆன பேட்ஸ்மேனைப் பார்த்திருக்கீங்களா? கிரிக்கெட்டில் சான்ஸே இல்லை. கம்ப்யூட்டர் லேபில் தினமும் நடக்கும் பாஸ்! ஒரு வரி புரோகிராம்கூட எழுதியிருக்க மாட்டோம். ஒரு டூலை இன்ஸ்டால் பண்ணத்தான் உட்கார்ந்திருப்போம். அதற்குள் ஸ்கிரீன் முழுக்க எரர்... 'நமக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று அப்போதே மூட்டை கட்டிவிடுகிறவர்கள் எல்லா கிளாஸிலும் உண்டு.

இந்த லீவில் எனக்கு மதுரையில் ஒரு சின்ன ஆபீஸில் இன்டர்ன்ஷிப். பழைய கோயில் விழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாம் ஸ்கேன் ஆகி பி.டி.எஃப்.பாக வரும். எல்லாமே வெறும் படம்தான். அதில் ஒரு பெயரைத் தேடினால் சிக்காது. தேடினால் சிக்குகிற எழுத்தாக மாற்ற 'ஓ.சி.ஆர்.மை.பி.டி.எஃப்' என்று ஓர் இலவச டூல் இருக்கிறது. பைத்தானில் எழுதியது. பட்டன், ஐகான் எதுவும் கிடையாது. டெர்மினலில் கட்டளை டைப் பண்ணினால்தான் ஓடும்.

என்கூட வந்த இன்னொரு இன்டர்ன், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவள். முதல் நாள் சாயங்காலமே பையை மாட்டிவிட்டாள். "நாளைக்கு நான் வரலைடா. வீட்ல சொல்லிக்கிறேன். இங்கிலீஷ்ல திட்டு வாங்கத்தான் இன்ஜினீயரிங் சேர்ந்தேனா?"

அவளை விரட்டியது மொத்தம் நாலே நாலு எரர். மறுநாள் வந்தாள்... நாலையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டோம்.

முதல் எரர்: 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்'. பேர்தான் பயங்கரம், விஷயம் சிம்பிள். பைத்தான் டூல்களை இறக்கித் தருவது 'பிப்'. ஆனால் உபுண்டுவின் சொந்த வேலைகள் பலவும் அதே பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. ஹாஸ்டல் சாம்பார் அண்டாவில் ஆளாளுக்கு உப்பு போட்டால் என்ன ஆகும்? அதனால்தான் 2023-ல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் அண்டாவுக்கு மூடி போட்டுவிட்டார்கள். 'பிப்எக்ஸ் பயன்படுத்து' என்ற வழியும் அந்த எரருக்கு நடுவிலேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு டூலுக்கும் தனி டிபன் கேரியர் கொடுப்பதுதான் பிப்எக்ஸ் வேலை. ஆனால் நம்ம ஆட்கள் நேராகக் கீழே போய், 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற குறுக்கு வழியை காப்பி அடிப்பார்கள். பேரிலேயே 'உடைச்சுடு'ன்னு இருக்கே ராசா!

இரண்டாவது: 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் கூப்பிட்டால் ஆளைக் காணோம். வீடு கட்டியாச்சு, போஸ்ட்மேன் கையில் இருக்கிற தெரு லிஸ்ட்டில் நம்ம தெரு இல்லை. அந்த லிஸ்ட்டுக்குப் பெயர்தான் 'பாத்'. 'பிப்எக்ஸ் என்ஷூர்பாத்' என்று அடித்தால் தெருவைச் சேர்த்துவிடும். அப்புறம் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கணும். பழைய டெர்மினல் கையில் பழைய லிஸ்ட்தான் இருக்கும். விண்டோஸிலும் பாதி தகராறு இந்தப் பாத்தால்தான்.

மூன்றாவது: 'டெசராக்ட் கிடைக்கவில்லை'. படத்தைப் பார்த்து எழுத்தை அடையாளம் காண்பது நம்ம டூல் இல்லை, டெசராக்ட் என்ற இன்னொரு புரோகிராம். 1980-களில் ஹெச்.பி. நிறுவனத்தில் பிறந்து, 2005-ல் ஓப்பன் சோர்ஸ் ஆன சீனியர் அது. பைத்தான் புரோகிராம் இல்லை என்பதால் பிப்போ பிப்எக்ஸோ அதைக் கூட்டிவராது. 'ஏ.பி.டி.' மூலம் நாம்தான் தனியாகப் போடணும். கல்யாண மண்டபம் புக் பண்ணினால் சமையல்காரரும் சேர்ந்து வருவாரா என்ன?

நாலாவதுதான் கிளைமாக்ஸ். எல்லாம் ஓடியது... ஆனால் வந்ததோ எந்த மொழியிலும் சேராத இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் டெசராக்ட் எல்லாப் பக்கத்தையும் இங்கிலீஷ் என்று நினைத்துத்தான் படிக்கும். 'மைனஸ் எல் டாம்' என்று சேர்த்தோம். உடனே 'டாம் என்ற மொழிக்கு டேட்டா இல்லை' என்று கைவிரித்தது. இந்த முறை அவளே படித்துவிட்டு, "தமிழ் பேக்கைத் தனியா போடணும்டா, அவ்வளவுதான்" என்றாள். போட்டாள். ஓடியது! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய மலர்களில் பழைய 'லை', 'ணை' எழுத்துகளில் கொஞ்சம் தடுமாறியது. மற்றபடி தமிழ் அழகாக வந்தது. அவள் முதல் வேலையாகத் தன் ஊர்ப் பெயரைத் தேடினாள். மூன்று இடத்தில் சிக்கியது! அதற்கப்புறம் 'வரலை'ங்கிற பேச்சே இல்லை.

இதில் எந்த எரராவது அவளுக்கு மூளை இல்லை என்று சொன்னதா? 'அண்டாவைத் தொடாதே', 'தெரு லிஸ்ட்டில் இல்லை', 'சமையல்காரர் வரலை', 'தமிழ் பேக் இல்லை'... இவ்வளவுதான் சொன்னது. நாம்தான் அதை ரிசல்ட் ஷீட் மாதிரி நினைத்து நடுங்குகிறோம்.

இங்கிலீஷ் பயமா? இன்ஸ்டால் எரர்களில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் வார்த்தைகள்தான். 'நாட் ஃபவுண்ட்' என்றால் ஆள் இல்லை, அல்லது தேடின இடம் தப்பு. 'பெர்மிஷன் டினைட்' என்றால் அந்த இடத்தில் கை வைக்க உனக்கு அனுமதி இல்லை. 'நோ மாட்யூல் நேம்டு' என்றால் இந்தப் பைத்தானிடம் அந்தப் பொருள் இல்லை, வேறொரு பைத்தானிடம் இருக்கலாம். ஒரே மெஷினில் ரெண்டு மூணு பைத்தான் இருப்பது சகஜம். அப்போது வெறும் 'பிப்' என்று கூப்பிடாமல் 'பைத்தான் மைனஸ் எம் பிப்' என்று கூப்பிடுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ, அதனுடைய பிப்தான் வரும்.

அதனால மக்கா... அடுத்த தடவை எரர் வந்தால் ஸ்கிரீனை மூடாதீங்க. மேலிருந்து கீழ் வரை ஒருமுறை நிதானமாகப் படிங்க. 'யாரு யாரைத் தேடிக் கிடைக்கலை?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. புரியாத வார்த்தைக்கு டிக்‌ஷனரி இருக்கு. பக்கத்து பெஞ்ச்சில் யாராவது முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, கீபோர்டைப் பிடுங்கி நீங்களே முடிச்சுக் கொடுக்காதீங்க. கூட உட்கார்ந்து படிக்க வைங்க. அஞ்சாவது எரரை அவங்களே பார்த்துப்பாங்க!