கோரையாற்றின் கடைசி மடை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு. கல்லணையிலிருந்து வரும் வெண்ணாறு அங்கே மூன்றாகப் பிரியும். பாமணியாறு மன்னார்குடிக்குப் போனது, வெண்ணாறு தன் வழியே போனது, எங்களுக்கு வாய்த்தது கோரையாறு. அங்கிருந்து தெற்கே மதகு, வயல், மறுபடி மதகு. அதையெல்லாம் அந்தந்த மதகில் குளித்தவர்கள் எழுதட்டும். நான் ஜாம்பவானோடைப் பக்கம் வளர்ந்தவன். ஆறு கடலுக்குப் போகுமுன் கடைசியாக மடை திறக்கும் ஊர்கள் எங்களுடையவை.

சின்ன வயதில் தர்கா கந்தூரிக்கு அப்பாயியோடு தோணியில் ஆற்றைக் கடப்போம். மடியில் நேர்த்திக்கடனுக்கு ஒரு மரக்கால் நெல். நடு ஆற்றில் அப்பாயி குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளுவாள், நாக்கில் வைத்துத் துப்புவாள். "உப்பு ஏறிப்போச்சு, மடையை அடைக்கச் சொல்லுடா" என்பாள். அக்கரையில் கொட்டுச் சத்தம் கேட்கும், சந்தனக்கூடு வரும் நேரமாகிவிட்டதே என்று எனக்குப் பதற்றம்; அவளுக்கு நாற்றங்கால்தான் கவலை. மேலிருந்து தண்ணீர் தள்ளாவிட்டால் கடல் உள்ளே வரும். அது ஒன்றுதான் அவள் படித்த பாடம்.

கந்தூரி பிறைக் கணக்கு. ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும். ஆனால் சொல்லிவிட்டு நகரும். மேட்டூர் அணைத் திறப்பு அப்படியில்லை. ஜூன் 12 என்பது வழக்கம். எட்டு ஆண்டுகள் தவறி 2020-இல்தான் அந்தத் தேதியில் திறந்தார்கள். 2022-இல் மே 24, 2024-இல் ஜூலை 28. திறந்த தண்ணீரும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும்.

அதனால் சித்தப்பா மகன் நாற்றங்காலையே விட்டுவிட்டான். ஆவணியில் புழுதி விதைப்பு. கிடைத்த மழையில் முளைக்கும், நடவுக்கூலி மிச்சம். களைதான் கழுத்தை அறுக்கும். ஒரு துண்டில் குழியடிச்சான், உப்பு தாங்கும் பழைய நெல். பள்ளத்து வயலில் சி.ஆர்.1009 சப்-1. எங்கள் ஆட்கள் பொன்மணி என்று சொல்லும் பழைய ரகத்தில் வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்தது. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தேறிவிடும் என்கிறார்கள்.

இரண்டு வாரம். அதற்குள் வடிய வேண்டுமே? ஐப்பசி, கார்த்திகையில் பரவலாகப் பெய்த மழை இப்போது இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்க்கிறது. வடிகாலைப் போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை, மேலே கொக்கு நடக்கிறது. தூர்வாரும் இயந்திரம் தலைப்பிலிருந்து புறப்பட்டு வருகிறது. எங்களை எட்டும்போது ஆற்றில் தண்ணீர் வந்துவிடுகிறது, வேலை நின்றுவிடுகிறது. பாய்ச்சும் வாய்க்காலுக்கு வரும் பணம் வடிகாலுக்கு வருவதில்லை. விதை மாறியாகிவிட்டது, விதைக்கும் முறை மாறியாகிவிட்டது. விவசாயி கையில் இருந்தது அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்குக் கீழே ஆறு உப்பங்கழி. இரண்டு பக்கமும் அலையாத்தி, பிறகு காயல், கடல்.

தூர்வாரத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த கோடையில் வேலையைத் தலைப்பில் தொடங்காதீர்கள். கடைசி வடிகாலில் தொடங்கி மேலே வாருங்கள்.