அம்மாவுக்கு ஓர் இரும்புக் கட்டில்

அம்மாவின் முழங்கால் வலியை உத்தேசித்து இரும்புக் கட்டில் ஒன்று வாங்க நிச்சயித்து, நேற்று மாலை முழுவதும் மேடவாக்கம் பிரதான சாலைக் கடைகளை அம்மாவோடு சுற்றி வந்தேன்.

தலைமாட்டில் கொடிபோல் வளைந்தோடும் கம்பி வேலைப்பாடு முதற்பார்வையிலேயே மனத்தை வசீகரிக்கிறது என்பது வாஸ்தவமே. ஆயினும், ஏரியின் ஈரமும் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் கலந்த நம் கீழ்க்கட்டளைப் பிரதேசத்தில், கட்டிலின் ஆயுளை நிர்ணயிப்பவை குழாயின் கனமும் வெல்டிங் வைத்த இடங்களின் சுத்தமுமே.

விரலால் தடவிப் பாருங்கள், நண்பர்களே.
இணைப்பில் உலோகம் மணிமணியாகப் பிதுங்கி, நடுவே சிறு குழிகள் தென்பட்டால், மேலே பவுடர் கோட்டிங் எத்தனை பளபளத்தாலும் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

18 கேஜ் குழாய் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனம். 16 கேஜ் 1.6. விலை சற்று அதிகமானாலும் பின்னதே உத்தமம்.

மெத்தையோடு சேர்த்த உயரம், உட்காருபவரின் பாதம் தரையில் முழுமையாகப் பதியும்படி முழங்கால் மட்டத்தில் அமைய வேண்டும் என்பதால், அம்மாவை ஒவ்வொன்றிலும் உட்காரவைத்தே பார்த்தேன். ஒன்றில், தலைமாட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு, என் கையை எதிர்பாராமல் அம்மா தாமே எழுந்து நின்றார்கள். சௌந்தரியமும் சௌகரியமும் ஒரே பொருளில் கூடிவரக் கண்ட சந்தோஷம் எனக்கு. அந்தக் கட்டிலையே கடையில் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: கால்களுக்கு ரப்பர் மூடி போட்டால், தரை துடைக்கும் ஈரம் உள்ளே தங்கித் துருவேறுமா? மடிப்பாக்கம், நங்கநல்லூர்ப் பக்கம் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்களேன்?