கதவின் உள்ளே

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, இரண்டிற்கும் இடையே வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாய்ப் பரந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. இந்நிலத்திற்கு உயிராக விளங்குவது முல்லைப் பெரியாற்று நீர். மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்த அந்நீரை, ஆங்கிலப் பொறியாளராகிய பென்னி குவிக் அணை கட்டித் தேக்கினார். மலையைக் குடைந்து வழி அமைத்துக் கிழக்கே திருப்பினார். அவ்வணை 1895ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. நீருக்கு உரிய வழி வேண்டும் என்னும் உண்மையைக் கம்பத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும், அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் அவ்வுண்மையை ஆற்றங்கரையிற் காணவில்லை. பழைய கார் ஒன்றின் கதவுக்குள்ளே கண்டான்.

அந்தக் கார், வாடகைக்கு ஓடும் அம்பாசிடர் வண்டி. அதன் உரிமையாளரே அதன் ஓட்டுநரும் ஆவார். ஆனி மாதத்து மாலை ஒன்றில், தேனி மருத்துவமனையில் மகவு ஈன்ற பெண்ணையும் அவளுடைய அன்னையையும் ஏற்றிக்கொண்டு அவர் குமுளிக்குப் புறப்பட்டார். கம்பமும் கூடலூரும் கடந்து, லோயர் கேம்ப்பைத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் சாரல் பெருமழையாயிற்று. பின்கதவின் கண்ணாடியை ஏற்றுவதற்காக அன்னை கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி இரண்டு விரல் அளவு எழுந்தது. பிறகு ‘தட்’ என்னும் ஓசையுடன் கதவுக்குள்ளே விழுந்து மறைந்தது. பச்சிளங் குழந்தையின் மேல் மழைநீர் தெறித்தது. தாய் தன் முந்தானையால் குழந்தையை மூடினாள். பாட்டி குடையை விரித்துச் சாளரத்தை மறைத்து, வீடு சேரும்வரை கை சோரப் பிடித்திருந்தாள். குழந்தைக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும், தம்மை நம்பி ஏறியவர் நனைந்தனரே என்ற வருத்தம் ஓட்டுநரை அன்றிரவு உறங்க விடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே அவர் ஊரின் கோடியில் உள்ள மோட்டார்ப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றார். பட்டறையை நடத்துபவர் ஒரு முதியவர். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடைய பேரன் அங்கு வந்து வேலை பழகுவது வழக்கம்.

“அண்ணே, எவ்வளவு செலவானாலும் சரி, இனி ஒரு முறை இப்படி நேரக் கூடாது” என்றார் ஓட்டுநர்.

“செலவு பெரிதன்று தம்பி, கண்ணாடி உடையாமல் வெளியே வர வேண்டும். அதுதான் பெரிது” என்றார் முதியவர்.

அவர் அவ்வாறு கூறியதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் உருவான மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றி அமைந்தது அம்பாசிடர். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950களின் இறுதியில் அதனைச் செய்யத் தொடங்கினர். அமைச்சர் முதல் வாடகைக் காரில் செல்லும் எளியவர் வரை அனைவரையும் சுமந்த அவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே, அதன் உறுப்பு ஒன்று உடைந்தால், ஏற்ற மாற்றுறுப்பைத் தேடிப் பல ஊர் அலைய நேரும்.

பேரன் ஆர்வம் மிக்கவன். தாத்தா கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே திருப்புளி ஒன்றை எடுத்து, கதவின் உட்பலகைக்கு அடியில் செருகி நெம்பினான். பலகை முனகியது; மேலே போர்த்த ரெக்சின் ஓரத்தில் சிறிது கிழிந்தது.

“கையை எடு தம்பி!” என்றார் தாத்தா. “இந்தப் பலகையை மாட்டியவன் ஒரு வரிசைப்படி மாட்டினான். கடைசியில் மாட்டியதை முதலிற் கழற்று. அது எளிதில் வந்துவிடும். வரிசை தெரியாமல் வலிமையைக் காட்டினால் பொருள்தான் பாழாகும்.”

பின்னர் அவர் செய்து காட்டினார். முதலில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. வண்டிக்கு வண்டி அது மாட்டப்பெறும் முறை வேறுபடும். சிலவற்றில் நடுவே ஒரு திருகாணி இருக்கும். சிலவற்றில் குதிரை லாடம் போன்ற கம்பி ஒன்று பின்புறம் கவ்வியிருக்கும். இந்த வண்டியில், கைப்பிடியின் அடியில் உள்ள வட்டத் தகட்டை உள்ளே அழுத்தியதும் சிறு ஊசி ஒன்று தென்பட்டது. அதைத் தட்டி எடுத்ததும் கைப்பிடி கையோடு வந்தது. அடுத்துக் கதவு திறக்கும் பிடியையும், கை வைக்கும் தாங்கியின் திருகாணிகளையும் கழற்றினார். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு தட்டில் இடமிருந்து வலமாக வரிசையாக வைக்கச் சொன்னார். பலகையைக் கதவோடு பிணைத்திருந்தவை கம்பிக் கிளிப்புகள். தட்டையான கருவியை ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் செலுத்தி மெல்ல எழுப்பினார். பலகை முழுதாகக் கழன்று வந்தது. அதன் பின்னே ஒட்டியிருந்த நீர்தடுப்புத் தாள் நைந்து கந்தலாகித் தொங்கியது.

கைவிளக்கின் ஒளியில் சிறுவன் கதவின் உள்ளே நோக்கினான். அங்கே ஒரு சிறு இயந்திரசாலையே இருக்கக் கண்டான். கைப்பிடியின் அச்சில் சிறிய பற்சக்கரம் ஒன்று. அதனோடு இணைந்து விசிறி போன்ற பெரிய பற்தகடு ஒன்று. அத்தகட்டிலிருந்து நீளும் இரும்புக் கை ஒன்று. கண்ணாடியின் அடிவிளிம்பு ஓர் இரும்புக் காடியில் பதிந்திருக்கும். இரும்புக் கையின் முனையில் உள்ள உருளை அக்காடியின் அடியில் ஓடிக் கண்ணாடியை ஏற்றும், இறக்கும். கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி நகரும். ஆனால், கண்ணாடியை அழுத்தினால் கைப்பிடி சுற்றாது. ஒரு சுருள்வில் அதனைப் பற்றி நிறுத்திவிடும். அதனாலேயே ஏற்றிய கண்ணாடி வண்டியின் அதிர்ச்சியில் தானே இறங்குவதில்லை.

இங்கோ பற்கள் தேயவில்லை, வில்லும் முறியவில்லை. இரும்புக் காடிதான் துருவேறி உதிர்ந்திருந்தது. கண்ணாடியை அதனுள் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டை கருகி நைந்திருந்தது. பிடிப்பை இழந்த கண்ணாடி கதவின் அடியில் சாய்ந்து கிடந்தது. சிறுவன் அதை வெடுக்கென இழுக்கக் கை நீட்டினான்.

“பொறு! இது வீட்டு அலமாரிக் கண்ணாடி போன்றதன்று” என்று தடுத்தார் தாத்தா. “இதனை அறுநூறு பாகை வெப்பத்திற்கு மேல் சூடேற்றிக் காற்றை வீசித் திடீரெனக் குளிர்விப்பார்கள். அதனால் முகப்பில் விழும் அடியை நன்றாகத் தாங்கும். விளிம்பில் இரும்பு பட்டுச் சிறிது சிதைந்தாலோ, முழுவதும் பொடிப்பொடியாகிவிடும்.”

கதவினுள் இரும்பு விளிம்புகள் கத்தி போல் இருக்குமாதலால், கைகளில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைச் சாய்த்து மேற்புறப் பிளவின் வழியே இருவரும் வெளியே எடுத்தனர். பழைய வண்டி ஒன்றின் கதவிலிருந்து நல்ல காடி ஒன்று கிடைத்தது. புதிய ரப்பர்ப் பட்டையைச் சோப்பு நீரில் நனைத்து வைத்து, கண்ணாடியைக் காடியில் அழுத்திப் பொருத்தினர்.

“வேலை முடிந்தது தாத்தா, பலகையை மாட்டிவிடலாமா?” என்று சிறுவன் கேட்டான்.

“கண்ணாடி ஏன் விழுந்தது?”

“காடி துருப்பிடித்தது, அதனால் விழுந்தது.”

“காடி ஏன் துருப்பிடித்தது?”

“மழை பெய்ததனால்.”

“மழை மற்ற மூன்று கதவுகளிலும்தானே பெய்தது? அவற்றின் கண்ணாடிகள் நன்றாக ஏறி இறங்குகின்றனவே!”

சிறுவனுக்கு விடை தெரியவில்லை. மீண்டும் விளக்கை எடுத்துக் கதவின் அடிப்பகுதியைத் துழாவினான். அங்கே கரிய சேறு படிந்திருந்தது. சேற்றுக்குள் புளிய இலைகள் மக்கிக் கிடந்தன. அந்த வண்டி ஆண்டுக் கணக்காக ஒரு புளியமரத்தடியில் நிற்பது. மரத்தை அடுத்து அமைவது எப்பொழுதும் இந்தக் கதவே. சிறுவன் சேற்றை வழித்தெடுத்தான். அதன் அடியில் சிறு துளைகள் இருந்த இடம் தெரிந்தது. கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினான். தேங்கிக் கிடந்த அழுக்கு நீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்தது.

“இந்தத் துளைகள் எதற்குத் தாத்தா?”

“கண்ணாடி ஏறி இறங்கப் பிளவு வேண்டும். பிளவு இருந்தால், ரப்பர் வைத்து அடைத்தாலும் சிறிது மழைநீர் உள்ளே இறங்கியே தீரும். வண்டியைச் செய்தவர்கள் இதை அறிவார்கள். ஆகையால், வந்த நீர் வெளியேறுவதற்குக் கதவின் அடியில் துளையிட்டார்கள். நம் ஊர்க் கண்மாய்க்குக் கலிங்கு எதற்கு? மிகுந்த நீர் வெளியேறாவிட்டால் கரை உடையும் அன்றோ? இங்குக் கலிங்கு அடைபட்டது. கரைக்கு மாறாகக் காடி உடைந்தது. துளையைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் மாட்டியிருந்தால், புதிய காடியும் நாளடைவில் துருவேறும். மற்றொரு நாள் மலைமேல் மற்றொரு குழந்தை நனையும்.”

சிறுவன் மற்ற மூன்று கதவுகளின் துளைகளையும் தானே சென்று துழாவிப் பார்த்தான். பிறகு கண்ணாடியை உள்ளே இறக்கிப் பொறியோடு இணைத்தனர். பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவினார் தாத்தா. கண்ணாடி ஓடும் பக்கப் பள்ளங்களில் தடவவில்லை; அங்கே கிரீஸ் இட்டால் புழுதி ஒட்டிக் கண்ணாடியைக் கீறும். கைப்பிடியை மாட்டிப் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தனர். உட்பலகையை மூடும் நேரம் வந்தது. கந்தலான நீர்தடுப்புத் தாளைச் சிறுவன் பழையபடியே ஒட்டப் போனான்.

“புதிய பாலிதீன் தாளை வெட்டி ஒட்டு. அதன் அடிநுனி கதவுக்குள்ளே தொங்க வேண்டும், அப்பொழுதுதான் நீர் பலகையை நனைக்காமல் உள்ளேயே இறங்கும்” என்றார் தாத்தா.

“அது உள்ளே இருப்பதுதானே தாத்தா! யார் பார்க்கப் போகிறார்கள்?”

“மழை பார்க்கும், தம்பி.”

சிறுவன் மறுமொழி கூறவில்லை. புதிய தாளை அளந்து வெட்டினான். சுருக்கம் விழாமல் ஒட்டினான். தட்டில் இருந்தவற்றை வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாய் எடுத்து மாட்டினான். இறுதியில் தட்டு வெறுமையாயிற்று. தான் கிழித்த ரெக்சின் ஓரத்தையும் பசையிட்டுச் சீராக்கினான்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் குமுளிச் சாலையில் பெருமழை பெய்தது. கீழே இறங்கி வந்த அம்பாசிடர் வண்டி கம்பத்துப் புளியமரத்தடியில் நின்றது. பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சிறுவன் அதனருகே சென்றான். நான்கு கண்ணாடிகளும் மேலே ஏறி மூடியிருந்தன. உள்ளே இருக்கைகள் உலர்ந்திருந்தன. அவன் அவற்றை நோக்கி நிற்கவில்லை. குனிந்து கதவின் அடியைப் பார்த்தான். அவன் திறந்துவிட்ட துளைகளின் வழியே தெளிந்த மழைநீர் ஒவ்வொரு துளியாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.