மழையில்லாத ஊரின் மடை

விமானத்தை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறிய காற்றில் ஒரு வாசனையும் இல்லை. அம்மாடி, காற்றுக்கு வாசனையே இல்லாமல் இருக்க முடியுமா! மயிலாப்பூரில் வளர்ந்த மூக்கு இது. தெற்கு மாட வீதிக்குள் நுழைந்தால் மல்லிகை, வறுத்த காப்பிக்கொட்டை, கற்பூரம், வாழைப்பூ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வரும். இங்கே, லடாக்கின் லே நகரில், 11,500 அடி உயரத்தில், குளிர் மட்டும் ஊசியாக உள்ளே இறங்கியது. மே மாதம் நடுவில்! ஊரில் கத்திரி வெயில் கொளுத்துகிற நேரத்தில் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கம்பளியையும் சுற்றிக்கொண்டு நின்றேன்.

முதல் இரண்டு நாள் படுக்கையே கதி. உடம்பு இந்த உயரத்துக்குப் பழகும்வரை எங்கும் அலையக் கூடாது. பத்துப் படி ஏறினால் திருக்கழுக்குன்றம் ஏறி வந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை கார் வந்தது. “ஜூலே!” என்றார் ஓட்டுநர். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். பெயருக்கும் உறவுக்கும் பின்னால் ‘லே’ ஒட்டினால் மரியாதை, நம் ‘ங்க’ மாதிரி. அண்ணனுக்கு அச்சோ-லே, அம்மாவுக்கு அமா-லே. அன்று முழுக்க அவரை அச்சோ-லே என்றே கூப்பிட்டேன்.

ஸ்ரீநகர் சாலையில் மேற்கே கிளம்பினோம். இரு பக்கமும் புல்கூட முளைக்காத மலைகள். காவி, சாம்பல், ஊதா என்று வளைவுக்கு ஒரு நிறம். கீழே சிந்து நதி! பள்ளிக்கூட வரைபடத்தில் நீலப் பென்சிலால் இழுத்த அந்த நதி பச்சைக் கண்ணாடி போல ஓடுவதைப் பார்த்ததும் பேச்சு எழவில்லை. எதிரே ராணுவ லாரிகள், பெட்ரோல் லாரிகள், தக்காளியும் வெங்காயமும் ஏற்றிய லாரிகள். லடாக்குக்குத் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 2.74 லட்சம் பேர். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகர் கடைத்தெருக்களை நினைத்துக்கொண்டேன். இங்கே அரை மணி நேரம் போயும் சாலையோரம் ஒரு மனிதத் தலை தெரியவில்லை.

“நான் சின்னப் பையனாக இருக்கும்போது பனி மூடினால் ஆறு மாதம் உலகம் எங்களுக்கு இல்லை” என்றார் அச்சோ-லே. உருளை, முள்ளங்கி, காரட்டை மண்ணில் குழி வெட்டிப் புதைத்து வைத்துக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவார்களாம். இன்றும் பல வீடுகளில் அந்தக் குழி இருக்கிறது. எல்லைச் சாலை நிறுவனத்தின் ஹிமாங்க் பிரிவு 1985 முதல் இந்த மலைகளில் சாலை வெட்டிக்கொண்டிருக்கிறது. மணாலிப் பக்கம் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 2020-இல் திறந்தது. ஸ்ரீநகர்ப் பக்கம் ஸோஜி லா கணவாய்க்கு அடியிலும் ஒன்று குடைகிறார்கள். மின்சாரத்துக்கும் இப்படித்தான். டீசல் ஜெனரேட்டரையும் உள்ளூர்ச் சிறு நீர்மின் நிலையங்களையும் நம்பிக் கிடந்த ஊர்களுக்கு, 2014-இல் நிமூ-பாஸ்கோவின் 45 மெகாவாட் நீர்மின் நிலையம் வந்தது. 2019-இல் ஸ்ரீநகரிலிருந்து உயர் மின்னழுத்தக் கம்பி வந்து அவற்றை நாட்டோடு இணைத்தது. மொட்டை மலை முகட்டில் வரிசையாக நிற்கும் அந்தக் கோபுரங்களைப் பார்த்தபோது, இவற்றைச் சுமந்து ஏறிய தோள்களை நினைத்துக் கைகூப்பத் தோன்றியது.

ஃபியாங் கிராமத்துக்குள் திரும்பினோம். அடேயப்பா! இதுவரை பார்த்த பாலை எங்கே போனது? பாப்லரும் வில்லோவும் தளிர்விட்டு நிற்கின்றன. படிப்படியாக வயல்கள். யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த ஸோ மாடுகள் இரண்டு ஏர் இழுக்க, பின்னால் ஒருவர் பாடிக்கொண்டே உழுகிறார். அவருக்குப் பின்னால் பார்லி விதை தூவிக்கொண்டு ஒரு பாட்டி. அந்தப் பாட்டுக்கு மாடு நடக்கிறதா, மாட்டு நடைக்குப் பாட்டு வருகிறதா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் தங்கிய வீட்டு அமா-லே சமையலறைக்குள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர். காப்பிக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் திகைத்தது. மூன்றாவது கிண்ணத்தில் நெய் விட்ட கஞ்சி குடிக்கும் சுகம். அடுத்து வறுத்த பார்லி மாவு. டப்பாவைத் திறந்ததும் எங்கள் வீட்டுச் சத்துமாவு வாசனை! மூக்குக்கு உயிர் திரும்பியது.

குடும்பத்துக்கு என்ன வருமானம் என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும் மகள் இந்தியில் சொன்னாள். அண்ணன் ராணுவத்தில். வீட்டில் மூன்று அறை பயணிகளுக்கு. பட்டாணியும் உருளையும் சந்தைக்கு. பார்லி வீட்டுக்கு. மேற்கே சிந்துவோரம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆப்ரிகாட். வெள்ளை விதை கொண்ட ரக்ட்சே கர்போ வகை புவிசார் குறியீடு வாங்கியது. கிழக்கே சாங்தாங் மேட்டில் ஆடு மேய்ப்பவர்களுக்குப் பஷ்மினா.

கழிப்பறைக்கு மாடியில் ஓர் அறையைக் காட்டினார்கள். தரையில் ஒரு துவாரம், பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வாரி. சொட்டுத் தண்ணீர் வேண்டாம். மேலே மண்ணைத் தள்ளினால் நாற்றமும் இல்லை. வசந்தம் வந்ததும் கீழ் அறையைத் திறந்து மக்கிய எருவை வயலுக்குக் கொண்டுபோகிறார்கள். சற்றுமுன் தின்ற பார்லி அந்த எருவில் விளைந்தது! லே நகரிலோ விடுதிகள் பெருகி, தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் ஆழ்துளைக் கிணறும் கூடவே பெருகிவிட்டன. அடையாறு பக்கத்தில் போர் போட்டுப் போட்டு உப்புத் தண்ணீரை எட்டிப் பார்த்தவர்களைத் தெரிந்த எனக்கு அடிவயிறு கலங்கியது.

லடாக்கில் வருடத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழைதான், சென்னையில் 140. இங்கே மழையை நம்பி யாரும் விதைப்பதில்லை. மலைமேல் உறைந்த பனி உருகி வந்தால்தான் பயிர். ஆனால் பனியாறு நன்றாக உருகுவது ஜூனில். விதைப்புக்குத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். அந்த இரண்டு மாத இடைவெளியில்தான் ஊரின் உயிர் ஊசலாடுகிறது. செவாங் நோர்ஃபெல் என்ற அரசுப் பொறியாளர், பாப்லர் நிழலில் மட்டும் ஓடைநீர் உறைந்து நிற்பதைக் கவனித்தார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைச் சிறு தடுப்புகளால் நிறுத்தி, ஊருக்கு மேலே நிழலில் உறையவிட்டால் என்ன? 1987 முதல் அப்படிச் செயற்கைப் பனியாறுகளை உருவாக்கினார். 2015-இல் பத்மஸ்ரீ தேடி வந்தது. பிறகு லடாக்கின் இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக் பனி ஸ்தூபியைக் கொண்டுவந்தார்.

மதியம் பள்ளத்தாக்கின் மேலே ஏறி அப்படி ஒரு ஸ்தூபியைப் பார்த்தேன். குளிர்காலத்தில் இளைஞர்கள் எழுப்பியது. உருகியது போக இன்னும் வீட்டு உயரம் மிச்சம். கபாலி கோயில் கோபுரத்தைப் பனியில் வார்த்து, சிற்பங்களை வெயிலில் கரையவிட்ட மாதிரி! மோட்டார் கிடையாது. மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் வேகத்திலேயே மேலெழும்பிச் சிதறும். கடுங்குளிர் இரவில் விழுகிற இடத்திலேயே உறையும். கூம்பாக இருப்பதால் வெயில் படும் பரப்பு குறைவு, மெதுவாகத்தான் கரையும். அடியில் காது வைத்தேன். உள்ளே சொட்டு, சொட்டு, சொட்டு. விதைப்புக்கான தண்ணீர்!

சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் ஒரு பெரியவர் மண்வாரியோடு நின்றார். ஊர் நியமித்த சுர்போன். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைப்பவர். நம் நீர்க்கட்டியேதான்! இரவில் வரும் நீரை ஜிங் என்ற குளத்தில் தேக்கிக் காலையில் திறப்பார்கள். வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். நம் குடிமராமத்தேதான்!

“உங்கள் ஊரில் சுர்போன் யார்?” என்று அமா-லே கேட்டார்.

தாத்தாவின் ஊரில் ஒருவர் இருந்தார், ஏரிக்கரையில் குச்சி நட்டு நிழல் அளந்து மடை திறப்பார் என்றேன். மயிலாப்பூரில் யார் என்று சொல்ல எனக்கு ஒரு பெயர் இல்லை. மாம்பலம் ஏரியை வற்றவைத்துத்தான் 1920-களில் தி.நகரை உருவாக்கினோம், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்ததைச் சொன்னேன். மகள் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அமா-லே என் கையை விடவே இல்லை. “இத்தனை மழை பெய்துமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சாலையும் மின்கம்பியும் இந்த ஊருக்கு வந்தது பெரிய காரியம், கண்ணாரப் பார்த்தேன். அவை வருவதற்கு முன்பு இந்த வறண்ட மலையில் இத்தனை தலைமுறையை வாழவைத்தது, முறை தவறாத அந்த மண்வாரி.

மறுநாள் விடியலில் எங்கள் வீட்டு முறை. விரல்கள் விறைக்கும் குளிர். சுர்போன் மடையில் அடைத்திருந்த கல்லையும் புல்கட்டியையும் விலக்கினார். புழுதியை உருட்டிக்கொண்டு, நுரைத்துக்கொண்டு பாத்திக்குள் வந்தது தண்ணீர். நேற்றைய பனிக்கோபுரம்! கடைசிப் பாத்தி நனைந்ததும் அமா-லே மண்வாரியை என்னிடம் நீட்டினார். புல்கட்டியை அள்ளி வைத்து, காலால் அழுத்தி எங்கள் மடையை அடைத்தேன். தண்ணீர் ஒரு நொடி தயங்கி, திரும்பி, பக்கத்து வீட்டு வயலுக்குப் போனது. அங்கே காத்திருந்த பெண் கையை உயர்த்தி “ஜூலே!” என்றாள்.